பழைய ஃபிலிம் கேமராவில் எடுத்த படங்களைப் பகிர: ரோல் போடுவதிலிருந்து குறிப்பு எழுதுவது வரை முழுமையான வழிகாட்டி

பழைய கேமராவில் எடுத்த படத்தைத் திரையில் மட்டும் பார்த்து, அந்தக் கேமரா ஒழுங்காக வேலை செய்கிறதா என்று சொல்லிவிட முடியாது. ஸ்கேன் மென்பொருள் ஒவ்வொரு பிரேமையும் தானாகவே சரிசெய்துவிடும். ஒரு ஸ்டாப் (வெளிச்சம் பாதியாகவோ இரட்டிப்பாகவோ மாறும் ஒரு படி) வெளிச்சம் குறைந்த நெகட்டிவும் இரண்டு ஸ்டாப் கூடிய நெகட்டிவும் அதில் ஏறக்குறைய ஒரே மாதிரி வந்து நிற்கும். ஷட்டர் மந்தமா, ஒளியை அளக்கும் மீட்டர் பொய் சொல்கிறதா, ஃபிலிம் அரைகுறையாகக் கழுவப்பட்டதா என்பதெல்லாம் நெகட்டிவைப் பார்த்தால்தான் தெரியும். ஆகவே இங்கே எல்லாப் படிகளும் நெகட்டிவைச் சுற்றியே போகின்றன. படத்தைப் பகிரும்போதும் நெகட்டிவைக் கூடவே காட்டினால், பார்க்கிறவர்கள் பாராட்டோடு நிற்காமல் பயனுள்ளதையும் சொல்ல முடியும்.

ரோல் போடும் முன்

பின்கதவைத் திறந்து, லென்ஸைக் கழற்ற முடிந்தால் கழற்றி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, எல்லா வேகத்திலும் ஷட்டரை அழுத்திப் பாருங்கள். பல வருடம் சும்மா கிடந்த கேமராவில் முதல் பத்துப் பதினைந்து அழுத்தல்கள் மந்தமாகத்தான் இருக்கும். முப்பது முறையாவது இயக்கிவிட்டுப் பிறகு அளந்து பாருங்கள். 1 விநாடி, 1/2, 1/4 ஆகியவற்றைக் கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்து, அலைவடிவத்தில் திறக்கும் சத்தத்துக்கும் மூடும் சத்தத்துக்கும் உள்ள இடைவெளியைப் பார்க்கலாம். 1/30 வரை இந்த முறையை நம்பலாம். அதற்கு மேல் இரண்டு சத்தமும் கலந்துவிடும். 1 விநாடி 1.3 விநாடியாக வந்தால் கவலை வேண்டாம், அது மூன்றில் ஒரு ஸ்டாப்புக்குச் சற்றே கூடுதல். 2 விநாடியாக வந்தால் முழு ஒரு ஸ்டாப். அப்படியானால் மெதுவான வேகங்களைத் தவிர்த்துவிட்டு மற்றவற்றைப் பயன்படுத்துங்கள். லைட்டர் பெட்ரோலை ஷட்டருக்குள் ஊற்றிச் சரிசெய்கிற வித்தை சில நாள் பலிக்கும். கரைந்த எண்ணெய் தகடுகளுக்கு இடையே பரவி உலர்ந்ததும் முன்பைவிட மோசமாக ஒட்டிக்கொள்ளும்.

துணித்திரை ஷட்டர் என்றால் இருட்டறையில் லென்ஸ் பக்கமிருந்து டார்ச் அடித்து, பின்னாலிருந்து பாருங்கள். ஊசிமுனை அளவில் வெளிச்சம் தெரிந்தால் திரையில் ஓட்டை. ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவில் (தனி ஜன்னல் வழியே பார்த்து ஃபோகஸ் செய்யும் வகை) லென்ஸுக்கும் துணிக்கும் நடுவே பிரதிபலிக்கும் கண்ணாடி எதுவும் கிடையாது. மூடி போடாமல் வெயிலைப் பார்க்க வைத்தால் லென்ஸே பூதக்கண்ணாடியாகி அந்தத் துணியைச் சுட்டுவிடும்.

அடுத்தது பின்கதவின் நுரைப்பஞ்சு. இருபது முப்பது வருடத்தில் அது கரிய பிசினாகிவிடும். விரலால் தொட்டால் ஒட்டுகிறதென்றால் மாற்றியே ஆகவேண்டும். மூங்கில் குச்சியின் முனையைத் தட்டையாகச் சீவி முதலில் சுரண்டி எடுங்கள். மீதியை ஐசோபிரப்பைல் ஆல்கஹால் நனைத்த பஞ்சால் துடையுங்கள். உலோக முனை வேண்டாம், பெயின்ட் பெயரும். சுரண்டிய துணுக்கு ஷட்டர் மேல் விழாமல் அந்த இடத்தைக் காகிதத்தால் மூடிக்கொள்ளுங்கள். பள்ளங்களில் 1.5 முதல் 2 மி.மீ. தடிமனான கறுப்பு நுரைப் பட்டையை ஒட்டலாம், அல்லது கறுப்புக் கம்பளி நூலை அழுத்தி வைக்கலாம். தடிமன் கூடினால் கதவு மூடாது, மூடினாலும் ஃபிலிமை அழுத்தும் தகடு சரியாக உட்காராது. எஸ்எல்ஆர் கேமராவில் (லென்ஸ் வழியே வரும் காட்சியைக் கண்ணாடி மூலம் பார்த்து எடுக்கும் வகை) மேலெழும் கண்ணாடி மோதுகிற இடத்திலும் ஒரு நுரை இருக்கும், அதையும் மாற்றுங்கள். அதற்கு மேலேயுள்ள ஃபோகஸ் திரையில் மட்டும் ஆல்கஹால் படக்கூடாது. அது பெரும்பாலும் பிளாஸ்டிக், படிந்த கறை போகாது.

பேட்டரி விஷயத்தில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். 1960, 70-களின் பல கேமராக்கள் 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்காக வடிவமைக்கப்பட்டவை. ஒலிம்பஸ் ஓஎம்-1, மினோல்டா எஸ்ஆர்டி 101, கேனனெட் கியூஎல்17 எல்லாம் அந்த வகை. பாதரச பேட்டரி இப்போது வருவதில்லை. அதே அளவில் கிடைக்கும் 1.5 வோல்ட் அல்கலைன் பேட்டரியைப் போட்டால் முள் நகரும், ஆனால் காட்டுகிற அளவு தவறு. போதாததற்கு அல்கலைன் பேட்டரியின் மின்னழுத்தம் தீரத் தீர இறங்கிக்கொண்டே வரும், அதனால் தவறும் நாளுக்கு நாள் மாறும். காது கேட்கும் கருவிக்கான 675 எண் துத்தநாகக் காற்று பேட்டரி சுமார் 1.4 வோல்ட் தரும், கடைசிவரை நிலையாகவும் நிற்கும். விட்டம் சிறியது என்பதால் சுற்றிலும் ஒரு ரப்பர் வளையம் போடவேண்டும். ஒட்டுத்தாளைப் பிரித்த சில வாரங்களில், பயன்படுத்தினாலும் இல்லாவிட்டாலும், தீர்ந்துபோகும். பென்டாக்ஸ் ஸ்பாட்மேடிக்கின் மின்சுற்று ஒரு விதிவிலக்கு, மின்னழுத்த வேறுபாடு அதைப் பெரிதாகப் பாதிக்காது.

சில கேமராக்களுக்கென்று தனிக் குணங்கள் உண்டு. ஜோர்கி-4, ஃபெட் போன்றவற்றில் ஷட்டரை ஏற்றிய பிறகுதான் வேகத்தை மாற்றவேண்டும், முன்பே திருகினால் உள்ளே பழுதாகலாம். ஒலிம்பஸ் டிரிப் 35-க்கு பேட்டரி கிடையாது, லென்ஸைச் சுற்றியுள்ள செலினியம் செல்தான் மீட்டர். தானியங்கி நிலையில் வைத்து லென்ஸைக் கையால் பொத்தி அழுத்தினால் வியூஃபைண்டரில் சிவப்புக் கொடி எழும்பி ஷட்டரைத் தடுக்கவேண்டும். நல்ல வெளிச்சத்திலும் கொடி எழும்பினால் செல் செத்துவிட்டது. யாஷிகா எலக்ட்ரோ 35 பேட்டரி இல்லாமலும் சத்தம் போடும், ஆனால் எப்போதும் 1/500-இல்தான். "ஷட்டர் வேலை செய்கிறது" என்று விற்கிறவர் சொல்வதை இந்த மாடலில் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். கேனன் ஏஇ-1-இல் ஷட்டரோடு விசில் மாதிரி ஒரு கிரீச்சிடல் கேட்டால் கண்ணாடியை இயக்கும் பல்சக்கரத்தில் எண்ணெய் வறண்டிருக்கிறது. ஹீலியாஸ் 44-2 லென்ஸில் ஃபோகஸ் செய்தபின் அபெர்ச்சர் (லென்ஸின் ஒளித்துவாரம்) வளையத்தைக் கையால் மூடவேண்டும். மறந்தால் எஃப்/8 என்று நினைத்து எஃப்/2-இல் எடுத்திருப்பீர்கள், நான்கு ஸ்டாப் கூடுதல்.

லென்ஸை டார்ச்சின் எதிரே பிடித்துப் பாருங்கள். நாலைந்து தூசி ஒன்றும் செய்யாது. சிலந்தி நூல் போலக் கிளைவிட்டது பூஞ்சை. மூச்சுவிட்ட கண்ணாடி போல மங்கலாக இருந்தால் உள்ளே ஆவி படிந்திருக்கிறது. கான்ட்ராஸ்டைக் குறைப்பதில் பூஞ்சையைவிட இந்த மங்கல்தான் மோசம். அபெர்ச்சர் தகடுகளில் எண்ணெய் பளபளத்தால் அவை மூடுவதற்குள் ஷட்டர் அடித்துவிடும்.

முதல் ரோல் சோதனைக்கு

அழகான படம் எடுக்கும் ஆசையை ஒரு ரோல் தள்ளிப் போடுங்கள். 400 ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு எண்) கறுப்பு வெள்ளை ஃபிலிம் ஒன்று போதும். இல்ஃபோர்டு எச்பி5 பிளஸ், கோடக் டிரை-எக்ஸ், கென்ட்மியர் 400 என்று எதுவானாலும் சரி. ஸ்லைடு ஃபிலிமில் சோதிக்காதீர்கள், அரை ஸ்டாப் பிசகினாலே கெட்டுவிடும்.

நிழலில் ரோல் போடுங்கள். டப்பிக்கு வெளியே நீட்டியிருக்கும் ஃபிலிம் நாக்கைச் சுருள் தண்டில் செருகி, மேலும் கீழும் இரண்டு வரிசைத் துளைகளிலும் பல்சக்கரம் ஏறியதைப் பார்த்தபின் கதவை மூடுங்கள். பிறகு ரீவைண்டு குமிழை அது திரும்பும் திசையில் மெல்லத் திருகி, தளர்வை இழுத்துக்கொள்ளுங்கள். இனி லீவரை இழுக்கும் ஒவ்வொரு முறையும் அந்தக் குமிழ் எதிர்ப்புறமாகச் சுழலவேண்டும். சுழலவில்லை என்றால் ஃபிலிம் நகரவில்லை, எண் காட்டும் முள் எவ்வளவு ஏறினாலும் சரி. 36 படம் எடுத்து ஒன்றுமே வராத ரோல்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் இதுதான்.

திறந்த வெளியின் நிழலில், ஒரே சீரான வெளிச்சம் விழும் சுவர் ஒன்றைத் தேர்ந்தெடுத்து இந்த வரிசையில் எடுங்கள்:

பிரேம் 1 முதல் 5: 1/1000 எஃப்/4, 1/500 எஃப்/5.6, 1/250 எஃப்/8, 1/125 எஃப்/11, 1/60 எஃப்/16. ஐந்துக்கும் ஒரே அளவு வெளிச்சம்தான் கிடைக்கும், ஆகவே நெகட்டிவில் ஐந்தும் ஒரே கருமையில் வரவேண்டும். வேறுபடும் பிரேம் எதுவோ, அந்த வேகத்திலோ அந்த அபெர்ச்சரிலோ கோளாறு.

பிரேம் 6 முதல் 11: மீட்டர் சொன்னதற்கு இரண்டு ஸ்டாப் கீழிருந்து மூன்று ஸ்டாப் மேல் வரை, ஒவ்வொரு ஸ்டாப்பாக. நெகட்டிவ் ஃபிலிம் கூடுதல் வெளிச்சத்தை எவ்வளவு பொறுக்கும், குறைவை எவ்வளவு பொறுக்காது என்பதை இந்த ஆறு பிரேம் காட்டிக்கொடுக்கும்.

பிரேம் 12, 13: முழு அபெர்ச்சரில் தொலைதூரக் கோபுரம் ஒன்று, பிறகு ஒரு மீட்டர் தூரத்தில் சாய்த்து வைத்த அச்சிட்ட தாள். தாளில் நீங்கள் குறிவைத்த வரிக்கு முன்னாலோ பின்னாலோ கூர்மை விழுந்தால் ரேஞ்ச்ஃபைண்டரோ ஃபோகஸ் திரையோ இடம் பிசகியிருக்கிறது.

பிரேம் 14 முதல் 16: படம் எடுக்குமுன் லென்ஸ் மூடியோடு கேமராவை ஒரு நிமிடம் வெயிலில் காட்டுங்கள். முதலில் கதவுப் பக்கம், அடுத்து கீல் பக்கம், கடைசியாக மேல்பக்கம். ஒளிக்கசிவு எங்கிருந்து வருகிறதென்று இதில் பிடிபடும்.

மீதி உங்கள் விருப்பம். எதை எடுத்தாலும் பிரேம் எண், வேகம், அபெர்ச்சர் மூன்றையும் ஒரு சின்ன நோட்டில் எழுதிவிடுங்கள். ஒரு வாரத்துக்குப் பிறகு யாருக்கும் நினைவிருக்காது.

மீட்டர் இல்லாவிட்டாலும் சமாளிக்கலாம். நிழல் தெளிவாக விழும் வெயிலில் எஃப்/16, ஷட்டர் வேகம் ஐஎஸ்ஓ எண்ணுக்கு நெருக்கமானது: 400-க்கு 1/500, 125-க்கு 1/125. மெல்லிய மேகம் என்றால் எஃப்/11, நிழலே விழாத மேகமூட்டம் என்றால் எஃப்/8, திறந்த வெளி நிழல் என்றால் எஃப்/5.6. நெகட்டிவ் ஃபிலிமில் சந்தேகம் வந்தால் ஒரு ஸ்டாப் கூட்டியே வையுங்கள். காலாவதியான கலர் ஃபிலிமுக்குப் பத்து வருடத்துக்கு ஒரு ஸ்டாப் கூட்டுவது வழக்கம். அது ஒரு தோராயம்தான், வெப்பத்தில் கிடந்த ஃபிலிமை எந்தக் கணக்கும் காப்பாற்றாது.

கழுவுதல்

கறுப்பு வெள்ளையை வீட்டிலேயே கழுவிவிடலாம். கலர் நெகட்டிவுக்கான சி-41 முறையில் டெவலப்பர் (படத்தை வெளிக்கொணரும் கரைசல்) 37.8 டிகிரி செல்சியஸில் 3 நிமிடம் 15 விநாடி. அதில் அரை டிகிரி பிசகினாலும் நிறம் சாயும். வெந்நீர்த் தொட்டியும் நல்ல வெப்பமானியும் இல்லாதவரை அதை லேபிடம் விடுங்கள். கொடுக்கும்போது "நெகட்டிவ் திரும்ப வேண்டும், நறுக்கித் தாருங்கள், சுருட்டாதீர்கள்" என்று சொல்லிவிடுங்கள். ஸ்கேனை மட்டும் அனுப்பிவிட்டு நெகட்டிவை எறிந்துவிடும் லேப்களும் உண்டு.

வேண்டியவை: வெளிச்சம் புகாத டாங்க், ரீல், கையுறைப் பை, வெப்பமானி, அளவுக்குவளை மூன்று, டெவலப்பர், ஸ்டாப் பாத் (டெவலப்பரின் வேலையை நிறுத்துவது), ஃபிக்ஸர் (படத்தை நிலைநிறுத்துவது), ஈரமூட்டும் திரவம், இரண்டு கிளிப். பேட்டர்சன் டாங்கில் ஒரு 35 மி.மீ. ரோலுக்கு 290 மில்லி போதும், அதைவிட அகலமான 120 ரோலுக்கு 500 மில்லி.

ரீல் எலும்புபோலக் காய்ந்திருக்க வேண்டும். துளி ஈரமிருந்தாலும் ஃபிலிம் பாதியில் சிக்கும். கையுறைப் பைக்குள் கை வியர்த்தாலும் இதேதான் நடக்கும். சிக்கினால் இழுத்துப் பிடுங்காமல், ஃபிலிமை டாங்குக்குள் போட்டு மூடிவிட்டு, கையை வெளியே எடுத்து ஆறவிட்டு மறுபடி ஆரம்பியுங்கள். ஃபிலிம் நுனியின் இரண்டு மூலையையும் கத்தரியால் லேசாக வட்டமாக்கிக்கொண்டால் எளிதாக ஏறும். வெளிச்சத்தில், வீணான ஃபிலிமை வைத்து பத்து முறையாவது பழகிய பிறகே இருட்டில் இறங்குங்கள். டாங்கின் நடுத்தண்டை மறக்கவே கூடாது. வெளிச்சத்தைத் தடுப்பது அதுதான், அது இல்லாமல் மூடி போட்டால் ரோல் முழுவதும் கறுத்துவிடும்.

கணக்கு இப்படி: 20 டிகிரியில் எச்பி5 பிளஸ் 400-க்கு ஐடி-11 டெவலப்பரை நீர் கலக்காமல் ஊற்றினால் 7½ நிமிடம், 1+1 என்று நீர் கலந்தால் 13 நிமிடம். எஃப்பி4 பிளஸ் 125-க்கு அதே கரைசலில் 8½, 11. டிரை-எக்ஸ் 400-க்கு டி-76 கலக்காமல் 6¾, 1+1-இல் 9¾. ரோடினால் 1+50-இல் எச்பி5 பிளஸுக்கு 11 நிமிடம். 300 மில்லிக்கு 6 மில்லி ரோடினால், அதை ஊசி இல்லாத சிரிஞ்சால்தான் சரியாக அளக்க முடியும்.

1. டெவலப்பரை 20 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள். ஸ்டாப் பாத், ஃபிக்ஸர், கழுவும் நீர் எல்லாம் அதற்கு இரண்டு மூன்று டிகிரிக்குள் இருக்கட்டும். வெந்நீரும் குளிர்நீரும் மாறி மாறிப் பட்டால் ஜெலட்டின் சுருங்கி, பாளம் பாளமாக வெடித்த நிலம்போல ஆகிவிடும்.

2. ஊற்றியதும் முதல் 10 விநாடியில் நான்கு முறை தலைகீழாகக் கவிழ்த்து நிமிர்த்துங்கள். உடனே டாங்கை மேசையில் இரண்டு தட்டு தட்டுங்கள், காற்றுக்குமிழி விலகும். பிறகு ஒவ்வொரு நிமிடத்தின் தொடக்கத்திலும் 10 விநாடி, நான்கு கவிழ்ப்பு. இதற்கு மேல் குலுக்கினால் துளைகள் வழியே திரவம் பாய்ந்து, நெகட்டிவில் ஓரங்களில் கருங்கோடு விழும்.

3. நேரம் முடிய 10 விநாடி இருக்கும்போது வடிக்கத் தொடங்குங்கள். ஸ்டாப் பாத் 1+19, குறைந்தது 10 விநாடி.

4. ரேபிட் ஃபிக்ஸர் 1+4, மூன்று முதல் ஐந்து நிமிடம். ரோல் போடும்போது வெட்டிய நாக்குத் துண்டை முன்கூட்டியே ஃபிக்ஸரில் போட்டு, அது முற்றிலும் தெளிவாக எவ்வளவு நேரம் ஆகிறதென்று பாருங்கள். அதைப்போல இரண்டு மடங்குதான் உங்கள் ஃபிக்ஸிங் நேரம். புதிதாக இருந்தபோது எடுத்ததைவிட இரண்டு மடங்கு நேரம் எடுத்தால் அந்த ஃபிக்ஸரை ஓரங்கட்டுங்கள்.

5. தண்ணீர் நிரப்பி 5 கவிழ்ப்பு, கொட்டுங்கள். புதிதாக நிரப்பி 10, கொட்டுங்கள். மறுபடி நிரப்பி 20. ஓடும் நீரில் அரைமணி நேரம் வைக்கவேண்டிய அவசியமில்லை.

6. கடைசியாக ஈரமூட்டும் திரவம் கலந்த நீர். காய்ச்சி வடித்த நீராக இருந்தால் உப்புக் கறை படியாது. விரலாலோ ரப்பர் வழிப்பானாலோ வழிக்க வேண்டாம், ஒரு மணல் துகள் சிக்கினாலும் ரோலின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை கோடு விழும். தூசியில்லாத குளியலறையில், கீழே பாரமாக ஒரு கிளிப் போட்டுத் தொங்கவிடுங்கள்.

தண்ணீரே 20 டிகிரிக்குக் கீழே வராத நாளில் ஐஸ் பொட்டலத்தைத் தொட்டியில் மிதக்கவிடலாம். இல்லையென்றால் 24 டிகிரியிலேயே கழுவி, நேரத்தைச் சுமார் 30 விழுக்காடு குறையுங்கள். ஆனால் நேரம் 5 நிமிடத்துக்குக் கீழே போனால் கறுப்பு திட்டுத்திட்டாக வரும். வெக்கையில் 1+1 கலவையே நல்லது, நேரம் தாராளமாக இருக்கும். பயன்படுத்திய ஃபிக்ஸரில் வெள்ளி கரைந்திருக்கிறது. சாக்கடையில் ஊற்றாமல் கேனில் சேர்த்து, கழிவு எடுக்கும் இடத்திலோ லேபிலோ கொடுங்கள்.

நெகட்டிவை வாசித்தல்

காய்ந்த நெகட்டிவை வெள்ளை ஒளிப்பலகை மேல் வைத்துப் படத்தை விட்டுவிட்டு ஓரத்தைப் பாருங்கள். அங்கே ஃபிலிமின் பெயரும் பிரேம் எண்களும் இருக்கும். அவை தொழிற்சாலையிலேயே வெளிச்சம் காட்டிப் பதிக்கப்பட்டவை, உங்கள் கேமராவுக்கு அவற்றோடு சம்பந்தமில்லை. ஆகவே ஓர எழுத்து எப்படி வந்திருக்கிறது என்பது கழுவலைச் சொல்லும், படம் எப்படி வந்திருக்கிறது என்பது கேமராவையும் சேர்த்துச் சொல்லும். கோளாறு எந்தப் பக்கம் என்று பிரிப்பதற்கு இதைவிட எளிய வழி கிடையாது.

ஓர எழுத்து கறுப்பாக, தெளிவாக இருந்து படம் மட்டும் வெளிறியிருந்தால் வெளிச்சம் போதவில்லை: மீட்டர், பேட்டரி, அல்லது ஐஎஸ்ஓ அமைப்பு. இரண்டுமே வெளிறியிருந்தால் கழுவல் போதவில்லை: டெவலப்பர் பழசு, சூடு குறைவு, நேரம் குறைவு. எழுத்து நன்றாக இருந்து படமே இல்லையென்றால் ஃபிலிம் நகரவில்லை, அல்லது ஷட்டர் திறக்கவில்லை, அல்லது ரேஞ்ச்ஃபைண்டரில் லென்ஸ் மூடியைக் கழற்றவில்லை. எழுத்தும் இல்லை படமும் இல்லை, ஃபிலிம் கண்ணாடிபோல இருக்கிறதென்றால் டெவலப்பர் செத்துவிட்டது, இல்லையேல் ஃபிக்ஸரை முதலில் ஊற்றிவிட்டீர்கள். குவளைகளில் பெயர் எழுதி ஒட்டுவது இதற்காகத்தான்.

கருமைப் புகை எங்கே நிற்கிறது என்பதும் ஒரு துப்பு. பிரேமைத் தாண்டித் துளைகள் வரை பரவியிருந்தால் வெளிச்சம் பின்கதவு வழியே வந்திருக்கிறது. பிரேமின் எல்லைக்குள்ளேயே நின்றால் லென்ஸ் பக்கமிருந்தோ ஷட்டர் ஓட்டையிலிருந்தோ வந்திருக்கிறது. கேமராவுக்குள் படம் தலைகீழாகவும் இடவலம் மாறியும் விழுகிறது என்பதை மறக்கவேண்டாம். படத்தின் கீழ் ஓரத்தில் கசிவு தெரிந்தால் கேமராவின் மேல்பக்கத்தைப் பாருங்கள். பெரும்பாலான 35 மி.மீ. கேமராக்களில் கீல், பின்னாலிருந்து பார்க்கும்போது வலப்பக்கம். எனவே கீல் நுரை கெட்டால் கசிவு படத்தின் இடது ஓரத்தில் வரும். கலர் நெகட்டிவைப் பாசிட்டிவாகத் திருப்பிய படத்தில் இது பொதுவாகச் செம்மஞ்சள் தீற்றலாக இருக்கும், ஏனென்றால் ஃபிலிமின் முதுகுப்பக்கமாக நுழையும் வெளிச்சம் சிவப்பை உணரும் அடுக்கைத்தான் முதலில் தொடுகிறது. அந்தத் தீற்றலை "பழைய கேமராவின் மாயம்" என்று கொண்டாடுகிறவர்களும் உண்டு. கொண்டாடலாம், ஆனால் பிசின் நுரைத் துணுக்கு ஷட்டருக்குள் விழும் நாளும் அருகில்தான்.

உயர் வேகத்தில் மட்டும் பிரேமின் ஒரு பக்கம் படிப்படியாக வெளிறுகிறதா? ஷட்டரின் இரண்டு திரைகளும் ஒரே சீராக ஓடவில்லை. சோதனை ரோலின் முதல் பிரேம் இதைக் காட்டிவிடும். 1/500-க்கு இறங்கினால் மறைகிறதென்றால் 1/1000-ஐ மறந்துவிட்டு அதிலேயே எடுங்கள்.

ஒவ்வொரு பிரேமிலும் ஒரே இடத்தில் சின்னக் கரும்புள்ளி இருந்தால் துணித்திரையில் ஓட்டை. ரோல் முழுக்க ஓடும் நேர்க்கோடு கீறல்: அழுத்தும் தகட்டிலோ ஃபிலிம் டப்பியின் வாயிலோ மண். பிறை வடிவக் குறி, ரீலில் ஏற்றும்போது மடங்கிய இடம். தெளிவான சிறு வட்டம், காற்றுக்குமிழி. பால்போல மங்கலாக இருந்தால் ஃபிக்ஸ் போதவில்லை. புதிய ஃபிக்ஸரில் மறுபடி போடலாம், வெளிச்சத்திலேயே செய்யலாம். கோடக் டி-மேக்ஸில் இளஞ்சிவப்புச் சாயல் மிஞ்சினாலும் இதே மருந்துதான், கூடவே கழுவும் நேரத்தையும் நீட்டுங்கள்.

ஸ்கேன்

தட்டை ஸ்கேனர் 120 ஃபிலிமுக்குப் போதும். 35 மி.மீ.க்கு டிஜிட்டல் கேமராவும் 1:1 மேக்ரோ லென்ஸும் மேல். 24 மெகாபிக்சல் ஃபுல் பிரேம் கேமரா 36 மி.மீ. அகலத்தை 6,000 பிக்சலாகப் பிரிக்கிறது, அதாவது அங்குலத்துக்குச் சுமார் 4,200 புள்ளி. தட்டை ஸ்கேனரின் பெட்டியில் அச்சிட்ட எண் இதைவிடப் பெரிதாக இருக்கும், உண்மையில் கிடைக்கும் விவரம் அதில் பாதிகூட இராது.

ஒளிக்கு நிறத்துல்லிய எண் (சிஆர்ஐ) 95-க்கு மேல் உள்ள எல்இடி பலகை வேண்டும். கைப்பேசித் திரையைப் பயன்படுத்தினால் அதன் பிக்சல் வலை படத்தில் விழும். வேறு வழியில்லையென்றால் நடுவே பால்நிற அக்ரிலிக் வைத்து, ஃபிலிமைச் சில சென்டிமீட்டர் உயர்த்துங்கள். கேமராவும் ஃபிலிமும் இணையாக இருக்கவேண்டும். ஃபிலிம் இருக்கும் இடத்தில் முகம் பார்க்கும் சிறு தட்டைக் கண்ணாடி ஒன்றை வைத்து, லென்ஸின் பிம்பம் வியூஃபைண்டரின் நடுவில் விழும்வரை சரிசெய்தால் போதும். அறை விளக்கை அணையுங்கள். ரா வடிவம், ஐஎஸ்ஓ 100, எஃப்/8, இரண்டு விநாடி டைமர். ஓர எழுத்து நேராக வாசிக்க வந்தால் பளபளப்பான பக்கம் உங்களைப் பார்க்கிறது, படமும் நேராக இருக்கும். மங்கலான பக்கத்திலிருந்து எடுத்தால் பின்னர் இடவலம் திருப்பவேண்டும். மறந்தால் பெயர்ப்பலகைகளும் சட்டைப் பொத்தான்களும் காட்டிக்கொடுக்கும்.

தூசியை ஊதி எடுத்துவிட்டு ஸ்கேன் செய்யுங்கள். அகச்சிவப்பைக் கொண்டு தூசி நீக்கும் வசதி கலர் ஃபிலிமில் அருமையாக வேலை செய்யும். வெள்ளி உள்ள கறுப்பு வெள்ளை ஃபிலிமில் அதை அணைத்துவிடுங்கள், வெள்ளி அகச்சிவப்பையும் தடுப்பதால் மென்பொருள் படத்தையே தூசி என்று நினைத்து அழிக்கும்.

கலர் நெகட்டிவைப் பாசிட்டிவாகத் திருப்புமுன் படம் விழாத ஓரத்தில் வெள்ளைச் சமநிலை எடுத்து, செம்மஞ்சள் சாயலை நீக்குங்கள். பிறகு மென்பொருளில் ஒளியளவு வளைவைக் (கர்வ்) கவிழ்த்து, சிவப்பு, பச்சை, நீலம் மூன்றிலும் கறுப்பு எல்லையையும் வெள்ளை எல்லையையும் தனித்தனியாக வையுங்கள். முதல் சுற்றில் ரோல் முழுவதற்கும் ஒரே எக்ஸ்போஷர், ஒரே அமைப்பு. "ஆட்டோ"வைத் தொட்டால் நெகட்டிவ் சொன்னதெல்லாம் அழிந்துபோகும். அழகுபடுத்துவது இரண்டாம் சுற்றில்.

பகிர்தல்

36-இல் நான்கோ ஐந்தோ தேர்ந்தெடுங்கள். சுவர்ச் சோதனைப் படங்களைத் தனியாகப் போடுங்கள், நல்ல படங்களோடு கலக்கவேண்டாம். நீளப் பக்கம் 2,048 பிக்சல், எஸ்ஆர்ஜிபி நிறவெளி, ஜேபெக் தரம் 85 என்பது பெரும்பாலான இடங்களுக்குச் சரிவரும். முதலில் அளவைக் குறைத்து, அதற்குப்பின் லேசாகக் கூர்மையாக்குங்கள். முழு அளவில் கூர்மையாக்கிவிட்டுச் சுருக்கினால் ஃபிலிமின் மணல்மணி (கிரெய்ன்) மிளகு தூவியதுபோல ஆகிவிடும்.

கோப்புக்குள் இருக்கும் தகவலையும் ஒருமுறை பாருங்கள். ஸ்கேன் செய்த டிஜிட்டல் கேமராவின் பெயரும் ஸ்கேன் தேதியும்தான் அங்கே பதிந்திருக்கும். எக்சிஃப்டூல் போன்ற மென்பொருளில் உண்மையான கேமரா, லென்ஸ், படமெடுத்த தேதி மூன்றையும் எழுதிவிடலாம். கைப்பேசியால் ஸ்கேன் செய்திருந்தால் உங்கள் வீட்டின் இருப்பிடமும் உள்ளே இருக்கும், அதை நீக்குங்கள். அடையாளம் தெரியும்படி ஒருவரை எடுத்திருந்தால், குழந்தைகள் என்றால் கட்டாயமாக, கேட்டுவிட்டே போடுங்கள்.

படத்தின் கீழே எழுதும் குறிப்பு இந்த அளவில் இருந்தால் நிறைவு:

"பென்டாக்ஸ் ஸ்பாட்மேடிக், சூப்பர்-டாக்குமார் 55 மி.மீ. எஃப்/1.8. எச்பி5 பிளஸ், 400-இல். 1/250, எஃப்/8, கையடக்க மீட்டர், நிழலில் அளந்தது. ஐடி-11 1+1, 20 டிகிரி, 13 நிமிடம். 24 மெகாபிக்சல் கேமராவால் ஸ்கேன். தூசி நீக்கம், கான்ட்ராஸ்ட் சிறிது கூட்டியது, இடது ஓரம் வெட்டியது."

"மீட்டர்" என்று மட்டும் எழுதாமல் எங்கே அளந்தது என்று சொல்வது முக்கியம். வானத்தைப் பார்த்து அளந்ததா, முகத்தைப் பார்த்தா, நிழலைப் பார்த்தா என்பதில் மூன்று ஸ்டாப் வித்தியாசம் வரலாம். ஃபிலிமை 400-க்குப் பதில் 1600-இல் எடுத்துக் கூடுதலாகக் கழுவியிருந்தால் இரண்டு எண்ணையும் எழுதுங்கள். காலாவதியான ஃபிலிம் என்றால் டப்பியில் உள்ள வருடத்தையும், எப்படி வைத்திருந்தார்கள் என்று தெரிந்தால் அதையும். பழைய கேமராவுக்குள் யாரோ விட்டுப்போன ரோலைக் கழுவிப் போடுவதாக இருந்தால் அதை வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள், அந்தப் படம் உங்களுடையதல்ல.

"என்ன கோளாறு?" என்று கேட்பதாக இருந்தால் திருப்பிய படத்தை மட்டும் போட்டுப் பயனில்லை. நெகட்டிவ் பட்டையை ஒளிப்பலகை மேல் வைத்து, ஆறு பிரேமும் ஓர எழுத்தும் துளைகளும் முழுதாகத் தெரியும்படி ஒரே எக்ஸ்போஷரில் படமெடுத்துப் போடுங்கள். பட்டையைச் சுற்றிலும் வெறும் வெள்ளைப் பலகை கொஞ்சம் தெரியட்டும், கருமையை ஒப்பிட அது வேண்டும். கோளாறு எல்லாப் பிரேமிலும் உண்டா சிலவற்றில் மட்டுமா, எந்த வேகத்தில், இரண்டு படத்துக்கு நடுவே கேமரா எவ்வளவு நேரம் சும்மா இருந்தது என்ற மூன்றையும் நோட்டைப் பார்த்து எழுதுங்கள்.